வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி எழுதலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆபீசில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்துத்தான் மெயில் அனுப்புவேன். அவரோ 'ஹாய்' என்று என் பெயரைப் போட்டு இரண்டு வரியில் பதில் எழுதி, கீழே தன் பெயரை மட்டும் போடுகிறார். 'நீயும் பெயரைப் போட்டே எழுதும்மா' என்கிறார் மேனேஜர். அப்பா வயதுக்காரரை எப்படிப் பெயர் சொல்வது?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேனேஜர் சொல்வது சரி. தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திடுகிறார் என்றால், அப்படியே அழைக்கலாம் என்று அவரே அனுமதி தந்துவிட்டார்.

நமக்கு 'நீங்கள்', 'வாங்க' என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நீ'க்கு 'தௌ', 'நீங்கள்' என்பதற்கு 'யூ' என இரண்டு இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது. இன்று எல்லாருக்கும் 'யூ'தான். அதனால் அங்கே மரியாதை, கேட்கிற விதத்தில் இருக்கிறது. 'சென்ட் மீ த ரிப்போர்ட்' என்றால் உத்தரவு. முன்னால் 'ப்ளீஸ்' போட்டாலும் அந்தத் தொனி முழுதாகப் போகாது. 'குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட் பை ஃப்ரைடே?' என்று கேட்டால், முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் கொடுக்கிறீர்கள். 'சார்' போடாமலே மரியாதை வந்துவிட்டது. 'டூ த நீட்ஃபுல்' நம் ஆபீஸ்களில் இன்னும் புழங்குகிறது. பிரிட்டனில் அது பழசாகிவிட்டது. அதைவிட, என்ன செய்ய வேண்டும் என்றே அது சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

புதியவருக்கு எழுதும்போது சம்பிரதாயம் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் 'டியர் சார் ஆர் மேடம்', முடிவில் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி'. தெரிந்தால் 'டியர் மிஸ்டர்' என்று குடும்பப் பெயர், முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. கலெக்டர் ஆபீசுக்கு எழுதுகிற மனுவில் 'ரெஸ்பெக்டட் சார்' தாராளமாக இருக்கட்டும். அது நம் நாட்டு வழக்கம்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நெருங்கிப் பழகியவர் திடீரென்று சம்பிரதாயத்துக்கு மாறினால், பெரும்பாலும் கோபம் என்று அர்த்தம். 'ஹாய்' என்று எழுதியவர், சரக்கு தாமதமான வாரத்தில் 'டியர் மிஸ்' என்று தொடங்கி, 'டோன்ட்' என்பதை 'டூ நாட்' என்று பிரித்து எழுதினால், அந்த மெயிலை உடனே மேனேஜரிடம் காட்டுங்கள். நீங்கள் விடாமல் 'ரெஸ்பெக்டட் சார்' போட்டால் அவருக்கும் இதே சந்தேகம் வரலாம். பணம் நிலுவையில் இருக்கும்போது, ஒப்பந்தத்தில் ஏதாவது மாறும்போது, நீங்களும் அப்படி விறைப்பாக எழுதலாம். அப்போது அந்த விறைப்புக்கு வேலை இருக்கிறது.

அடுத்த மெயிலில் 'ஹாய்', அவர் பெயர், எந்த லாட், என்றைக்குள் என்ன வேண்டும், 'தேங்க்ஸ்', உங்கள் பெயர். அவ்வளவு போதும்.