பிள்ளைகளுடன் சாங்கியில் இறங்கும் தங்கைக்கு என்ன ஏற்பாடு செய்வது?

ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “டிசம்பரில் என் தங்கை திருச்சியிலிருந்து தனியாக வருகிறார். ஒன்றரை வயது மகளும் ஐந்து வயது மகனும் உடன் வருகிறார்கள். விமானம் இரவில் புறப்பட்டுக் காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும். அவர்களை வீட்டுக்கு அழைத்துவர டாக்சி நல்லதா, ரயிலா, செயலியில் பதிவு செய்யும் காரா?”

முதலில் வாகனத்தை முடிவு செய்யுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் பயணம் செய்யும்போது, அவர்கள் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற பாதுகாப்பு இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலிவழி வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. இருக்கை இல்லாமல் பிள்ளைகளுடன் போய் நின்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பது நியாயமே. டாக்சிக்கு விலக்கு இருப்பதால் அதில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. திடீரென்று பிரேக் போடும்போது குழந்தை முன்னால் வீசப்படும் விசையை எந்தத் தாயின் கைகளாலும் தாங்க முடியாது. பெரியவரின் இருக்கை வாரையே குழந்தைக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் ஆபத்து, ஏனெனில் மோதலின்போது பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும்.

எனவே, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியாவது, சின்னவளுக்கு ஒரு குழந்தை இருக்கையும் மகனுக்கு உயரத்தைக் கூட்டும் ‘பூஸ்டர்’ இருக்கை ஒன்றும் எடுத்துக்கொண்டு நீங்களே விமான நிலையம் சென்று, டாக்சியிலோ செயலிவழிக் காரிலோ அவர்களை அழைத்து வருவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அவற்றைப் பொருத்தும் முறையை முந்தைய நாளே யாருடைய காரிலாவது ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கையுடன் வரும் கார்களையும் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் எந்த வயதுப் பிள்ளைக்கான இருக்கை வரும், ஒன்று வருமா இரண்டா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விமானம் தரையிறங்கும் நேரத்துக்கே காரை வரச்சொல்லாதீர்கள். தானியங்கி குடிநுழைவுத் தடங்களை ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களே பயன்படுத்தலாம் என்பதால், உங்கள் தங்கை பிள்ளைகளுடன் அதிகாரி அமர்ந்திருக்கும் முகப்புக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும். மேலும், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மின்னல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால், விமானங்கள் நிற்கும் திறந்தவெளியில் வேலை செய்யும் ஊழியர்கள் பாதுகாப்புக்காக உள்ளே அழைக்கப்படுவார்கள்; எச்சரிக்கை நீங்கும்வரை பெட்டிகள் இறங்காது. பெட்டிகள் கைக்கு வந்துவிட்டன என்று தங்கை செய்தி அனுப்பிய பிறகு காரை அழைப்பதே நல்லது. டயப்பர், மாற்றுடை, பால்மாவு, பெரியவனுக்குக் கொறிக்க ஏதேனும் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தள்ளுவண்டியை விமான வாசலில் திருப்பித் தருவார்களா, பெட்டிகளோடுதான் வருமா என்பதை ஏறும்போதே அவர் விசாரித்துக்கொள்ளட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீண்ட முனையத்தில் நடப்பது எளிதல்ல.

மூவருக்கும் தனித்தனியாக மின்னியல் வருகை அட்டை வேண்டும். வருகைக்கு முன், வருகை நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் சமர்ப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தினுடையது அல்ல. உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இப்போதே தங்கைக்கு அனுப்பிவிடுங்கள்.

முனையத்தின் குளிருக்கும் வெளியே உள்ள புழுக்கத்துக்கும் இடையிலான மாற்றம் சிறு குழந்தையைப் பெரிதும் வாட்டும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை போதும். கதவருகே வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். வெயிலுக்காகத் தள்ளுவண்டியைத் துணியால் மூடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றோட்டம் தடைபடுவதால் உள்ளே வெப்பம் வேகமாக ஏறிவிடும், அது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

எம்ஆர்டி ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அருகில் இருக்கிறது. தங்கை ஒரே பெட்டியுடன், மகன் மட்டும் துணையாக வருவதாக இருந்தால் ரயிலையே சொல்லியிருப்பேன். கைக்குழந்தையும் பெட்டிகளும் தூங்காத இரவும் சேர்ந்திருக்கையில், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, அதுவும் காலை நெரிசலில், அந்தப் பயணம் வேண்டாம். பின்னர் ஊர் சுற்றும்போது ரயிலில் செல்லலாம். 0.9 மீட்டருக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அதைவிட உயரமான, ஏழு வயது நிரம்பாத பிள்ளைகள் இலவசமாகச் செல்லச் சிறுவர் சலுகை அட்டை தேவை. மகனுக்கு அதை வாங்கிவிடுங்கள்.

விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கடைத்தொகுதியில் உள்ள நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று மகன் இறங்கியதுமே கேட்கக்கூடும். ஊர் திரும்பும் நாளில் சற்று முன்னதாகவே கிளம்பிப் போய் அதைக் காட்டலாம் என்று சொல்லி, வந்த நாளில் நேரே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.