செயின்ட் லூயிஸுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கே வீடு பார்க்கலாம், என்ன பழைய கார் வாங்கலாம், நம்மூர் மளிகை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: “கறுப்பர்கள் இருக்கும் பக்கம் போகாமல் இருந்தால் போதும், போலீஸ் நம்மைத் தொடாது என்கிறார்களே, உண்மையா?” மளிகை கிடைக்கும், முருங்கைக்காய் உட்பட. அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் 2005-இல் வந்தேன். வாடகை மலிவு என்று விமான நிலையத்துப் பக்கம் தங்கினேன். நகரத்தை ஒட்டிய செயின்ட் லூயிஸ் கவுண்டி அது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. இதற்குள் சுமார் 90 குட்டி முனிசிபாலிட்டிகள். பலவற்றுக்குத் தனிப் போலீஸ், தனிக் கோர்ட். பத்து நிமிடம் ஓட்டினால் நாலு ஊர் எல்லை தாண்டிவிடும். அப்படி ஓர் ஊரில் ஒரு ராத்திரி, பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். நம்மூர் வழக்கப்படி நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன். அந்த அதட்டலை இன்னும் மறக்கவில்லை. தம்பி, இறங்காதீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து, என் இங்கிலீஷைக் கேட்டதும், “கம்ப்யூட்டர் வேலையா?” என்று குரல் இளகியது. டிக்கெட் மட்டும் இளகவில்லை.

அப்புறம் வீடு மாறினேன். கோர்ட் கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. நான் ஆஜராகவில்லை, வாரண்ட் விழுந்தது. ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் நிறுத்திக் கையில் விலங்கு மாட்டினார்கள். பின்விளக்குக்கு! உள்ளே என்னோடு இருந்த மூன்று பேரும் கறுப்பர்கள். ஒருவர் ஓட்டல் சமையல்காரர். இன்ஷூரன்ஸ் காகிதம் இல்லை என்ற வழக்கு, மூன்றாவது நாளாக இருந்தார். “பணம் கட்ட ஆள் இருக்கா?” என்று விசாரித்தார். எனக்கு இருந்தது. ஆபீஸ் நண்பர் வந்து கட்டினார், நாலு மணி நேரத்தில் வெளியே வந்தேன். மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொண்டார். இங்கே வக்கீல் வைத்து அபராதத்தைக் கூட்டிக் கட்டினால், வேகமாக ஓட்டிய வழக்குகூட ‘தப்பான பார்க்கிங்’ என்று மாறிவிடும். லைசென்ஸில் தப்புக்கான புள்ளி ஏறாது. அந்தச் சமையல்காரர் வக்கீலுக்கு எங்கே போவார்?

இது ஏதோ என் ஒருவன் கதை என்றுதான் நினைத்திருந்தேன். 2014-இல் இதே கவுண்டியின் ஃபெர்குசன் ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பினப் பையனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அடுத்த மார்ச்சில் மத்திய அரசின் நீதித்துறை, சுட்டவர் மேல் வழக்குப் போட ஆதாரம் போதாது என்றது. அதோடு அந்த ஊர்ப் போலீஸ் பற்றித் தனியாக ஓர் அறிக்கையும் விட்டது. அதன்படி அப்போது ஊரில் கறுப்பர்கள் 67 சதவீதம். நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85, கைதானவர்களில் 93 சதவீதம். 21,000 பேர் வாழ்ந்த ஊரின் கோர்ட்டில் 16,000 பேருக்கு மேல் வாரண்ட் நிலுவை. ஒரு பெண்ணுக்கு 2007-இல் பார்க்கிங் தப்புக்காக 151 டாலர் அபராதம். ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டி, ஆறு நாள் ஜெயிலில் இருந்து, அப்போதும் 541 டாலர் பாக்கி! நம்மூர்க் கந்துவட்டிக்காரர்கள் இங்கே வந்து பாடம் படிக்கலாம்.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் பிடிக்காது. வந்த மூன்றாம் மாதமே “டெல்மார் தெருவுக்கு வடக்கே போகாதே” என்று புத்தி சொல்வார்கள். ஒருநாளும் அங்கே போயிருக்க மாட்டார்கள். அது ‘கறுப்பனுங்க ஏரியா’ என்று எனக்குச் சொன்னவர் என்னைவிடக் கறுப்பு. செயின்ட் லூயிஸ் நகரத்தில் கொலைகள் அதிகம்தான், மறைக்கவில்லை. சாவதும் பெரும்பாலும் கறுப்பர்கள்தான். ஆனால் நகரமும் கவுண்டியும் 1876-இலேயே பிரிந்துவிட்டதால், அமைதியான புறநகர்களைச் சேர்க்காமல் நகரத்து சுமார் 3 லட்சம் பேரை மட்டும் வைத்துத்தான் கொலை விகிதத்தைக் கணக்குப் போடுகிறார்கள், அதனால் எண் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

போலீஸ் நம்மைத் தொடாதா? 2015-இல் அலபாமாவின் மேடிசனில், பேரனைப் பார்க்க வந்த 57 வயது குஜராத்திப் பெரியவர் ஒருவர் தெருவில் நடந்து போனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவர் சுற்றுகிறார் என்று யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வந்த போலீஸ்காரர் ஒருவர் தரையில் தள்ளியதில் கழுத்தில் அடிபட்டு உடம்பு ஓரளவு செயலிழந்தது. இரண்டு முறை ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல், கடைசியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். என் அப்பா வந்திருந்தபோது காலை நடைக்கு நானும் கூடவே போனேன். பனியில் ஓட்டப் பழகிவிட்டேன், இந்த ஊர் புரொவெல் சீஸ் பீட்சாவைக்கூட ரசித்துச் சாப்பிடுகிறேன். அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். தண்டனை வரைகூடப் போகவேண்டாம், கைதானாலே விசாவை ரத்து செய்யலாம்.

வீடு, உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் எங்கே கிடைத்தாலும் சரி. கார் எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தீர்கள். எதுவானாலும், பணம் கொடுக்குமுன் பின்னால் போய் நின்று இரண்டு விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள்.