காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள்

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் ஒருவர் 1965ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ வண்டியை விற்கிறார். முழுக்கப் புதுப்பித்தது என்கிறார். பச்சை வண்ணம் பளபளக்கிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கிறது, உள்ளே டீசல் எஞ்சின் ஓடுகிறது. வின்டேஜ் எண் (பழங்கால வண்டிகளுக்கான தனிப் பதிவு எண்) வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். வார இறுதியில் மாமல்லபுரம் வரை ஓட்ட ஆசை. வாங்கலாமா? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: முதலில் அந்தப் பச்சை வண்ணத்தை மறந்துவிடுங்கள். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். ஓட்டையை மறைக்கப் பட்டி (putty) பூசிய இடத்தில் அது ஒட்டாது, குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த வண்டியின் கதவு, மட்கார்டு வெளித்தகடுகளில் அது ஒட்டாது, பதறாதீர்கள். 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் வெளித்தகடுகளைச் செய்தார்கள். அதில் இரும்பைப் போலத் துரு ஏறாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அறுபது வயதிலும் தோல் மினுமினுக்கும், உள்ளே எலும்பு உளுத்துப்போயிருக்கும்.

எலும்பு என்றால் சேசிஸ், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். ஏணி வடிவில், உள்ளே வெற்றிடமான எஃகுச் சட்டங்கள். சேறும் உப்புத் தண்ணீரும் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஈஞ்சம்பாக்கத்துக் கடற்காற்றில் எத்தனை வருடம் நின்றது என்று கேளுங்கள். அடிப்பக்கத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு (அண்டர்கோட்டிங்) அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, சிறு சுத்தியலால் பின்கோடிக் குறுக்குச் சட்டத்தையும், பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாகச் சத்தம் தரும். அடுத்து, எஞ்சினுக்கும் உங்கள் பாதத்துக்கும் நடுவே நிற்கும் சுவர். அதுவும் எஃகு. கால் வைக்கும் பள்ளத்திலும் கதவுக் கீல் பிடிக்கும் தூணிலும் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டவில்லையென்றால் ஓட்டையைப் பட்டியால் அடைத்திருக்கிறார்கள். உண்மையாகவே புதுப்பித்தவரிடம் வண்டியை முழுதாகக் கழற்றியபோது எடுத்த படங்கள் இருக்கும். கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது முதல் இரண்டு கியர்கள் கரகரத்தால் விற்பவரைக் குற்றம் சொல்லாதீர்கள். கியர்களின் வேகத்தை ஒத்திசைத்துச் சத்தமின்றிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் அவற்றுக்குக் கிடையாது. ஒரு கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதிக்கும் இரட்டைக் கிளட்ச் பழக வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நழுவினால் அது கோளாறு. மஞ்சள் குமிழ் நான்கு சக்கர இயக்கத்துக்கு, சிவப்பு நெம்புகோல் லோ ரேஞ்சுக்கு, அதாவது மெதுவாக அதிக இழுவிசையோடு ஓட. இரண்டும் விழுகின்றனவா என்று மண்தரையில் சோதியுங்கள், தார் ரோட்டில் வேண்டாம்.

இனி காகிதம். எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். எஞ்சினை மாற்றினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். பதியாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் பிடிக்கும். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், வலது முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்பில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே புது வெல்டிங் தெரிந்தால் அன்றே விடைபெற்றுவிடுங்கள்.

வின்டேஜ் எண் உங்களுக்குப் பொருந்தாது. 2021இல் வந்த விதிப்படி, வண்டி 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். பெட்ரோலிலிருந்து டீசல் எஞ்சினுக்கு மாற்றிய வண்டிக்கு அது கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். மாமல்லபுரம் உலா அதில் அடங்காது. தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவுதான் உங்கள் ஆசைக்கு ஏற்றது.

சேசிஸ் தேறினால் வாங்கலாம். ஆனால் எஞ்சின் மாற்றத்தை விற்பவரே தன் பெயரில் பதிந்து, திருத்திய ஆர்.சி.யைக் காட்டும் வரை முன்பணம் வேண்டாம். “வாங்கிய பிறகு நீங்களே மாற்றிக்கொள்ளலாம் சார், சுலபம்தான்” என்பார். சுலபமென்றால் நீங்களே முடித்துத் தாருங்கள் என்று சொல்லுங்கள்.