நண்பனிடம் ஜெயித்தேன், ஆனால் அந்த மூவ் என்னுடையது இல்லை

கேள்வி: எனக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவனோடு இணையத்தில், ஒரு மூவுக்கு மூன்று நாள் என்ற கணக்கில் செஸ் ஆடி வருகிறேன். போன மாதம் ஓர் ஆட்டத்தில் 31ஆவது மூவில் திணறிப்போய், போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினை, அதாவது நல்ல மூவைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டேன். குதிரையைப் பலி கொடு என்றது. கொடுத்தேன், ஜெயித்தேன். "என்னடா, இந்த வயசுல இப்படி ஆடுற!" என்று அவன் பாராட்டியதிலிருந்து மனசு சரியில்லை. இன்னொரு பக்கம், சர்வதேச தபால் செஸ் கூட்டமைப்பின் போட்டி ஒன்றிலும் சேர்ந்திருக்கிறேன். அங்கே இன்ஜின் பார்க்கலாம் என்கிறார்கள். அது சொல்வதையே போடுகிறேன். ஒன்றில் தோற்றேன், மற்றதெல்லாம் டிரா. ஒரே காரியம் ஓரிடத்தில் தப்பு, இன்னோரிடத்தில் சரி என்பது எப்படி? இன்ஜினை வைத்துக்கொண்டு ஆடுவதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் நண்பர் விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் கனமாக இருப்பது அதுதான்.

செஸ்.காம், லிசெஸ் போன்ற தளங்களில் நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களுக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. ஆரம்ப மூவ்களுக்குப் புத்தகம் பார்க்கலாம், பழைய ஆட்டங்களின் தொகுப்பைப் புரட்டலாம். ஆனால் ஆட்டம் முடியும்வரை இன்ஜின் கூடாது. "நான் யோசித்தது சரியா என்று மட்டும் பார்த்தேன்" என்பதற்கும் இடமில்லை, ஏனென்றால் 'சரி' என்ற ஒரு சொல்லே பாதி விடை. ஆக, நீங்கள் செய்தது தப்பு. அதை உங்கள் மனசு உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நண்பரைப் போனில் கூப்பிட்டு, "டேய், அந்த 31ஆவது மூவ் நான் போட்டதில்லடா, இன்ஜின் போட்டது" என்று சொல்லிவிடுங்கள். நாற்பது வருடத்து நட்பு ஒரு குதிரைக்காக உடையாது. அவர் கோபித்துக்கொண்டாலும் நியாயமான கோபம்தான், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஒரே காரியம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி ஆவது எப்படி? எதிரில் இருப்பவர் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் நண்பர் உங்கள் மூளையோடு ஆடுவதாக நம்பினார். தபால் செஸ் கூட்டமைப்பின் போட்டியில் எதிராளி அப்படி நம்பவில்லை. நீங்களும் இன்ஜின் பார்ப்பீர்கள் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார், அவரும் பார்க்கிறார். அந்தக் கூட்டமைப்பு 1951இல் தொடங்கியது. வீட்டுக்குள் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கண்காணிக்க முடியாத ஆட்டம் இது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது நேர்மையான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் தபால் செஸ் ஆட ஆரம்பித்தபோது நிஜமாகவே தபால் கார்டுதான். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254 என்று எழுதுவோம். ஐந்தாவது நெடுவரிசையின் இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்கு என்று அர்த்தம். எழுத்து இல்லாத குறியீடு என்பதால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். பதில் வர மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் அந்த நிலை மனப்பாடம் ஆகிவிடும். சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் காய்கள் தலைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்கும் அலமாரி நிறையப் புத்தகம் வைத்துப் பார்த்துத்தான் ஆடினோம். தபால் செஸ் என்றைக்குமே வெளியிலிருந்து உதவி வாங்கி ஆராய்ந்து ஆடும் ஆட்டம். அந்த உதவியை எப்படி வாங்குவது என்பதில்தான் திறமை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் இன்ஜினின் முதல் மூவை எடுத்து அப்படியே போடுகிறீர்கள். எதிராளியிடமும் அதே ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறது, இலவசம்தானே. அப்படியானால் ஒரே இன்ஜின் தன்னோடு தானே ஆடுகிறது, டிரா ஆகாமல் என்ன செய்யும்? இன்றைக்கு தபால் செஸ் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதிச் சுற்றிலேயே மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் டிராதான். அதனால் டிரா ஆனதற்காக வருத்தப்படாதீர்கள். தோற்ற அந்த ஒரு ஆட்டத்தைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். இன்ஜினையே நகல் எடுத்தும் தோற்றிருக்கிறீர்கள் என்றால், எதிராளி அதைவிட ஆழமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்.

யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் எண்ணைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிளஸ் 1.00 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று நாம் பழகியிருக்கிறோம். ஸ்டாக்ஃபிஷ் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் இதை மாற்றிவிட்டது. ஸ்டாக்ஃபிஷ் ஸ்டாக்ஃபிஷோடு ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்றால் அதைத்தான் இப்போது பிளஸ் 1.00 என்று காட்டுகிறது. 0.30, 0.40 எல்லாம் நடைமுறையில் டிராவுக்குப் பக்கத்தில் இருப்பவை. 0.42 காட்டும் மூவை விட்டுவிட்டு 0.35 காட்டும் மூவைப் போடத் தயங்காதீர்கள், இரண்டாவது மூவ் ஆட்டத்தைச் சிக்கலாக வைத்திருக்கும் என்று உங்களுக்குப் பட்டால்.

எனக்கே நடந்தது இது. ஓர் ஆட்டத்தில் ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டு, காலையில் முதலில் நின்ற மூவைப் போட்டேன். ராணிகள் வெட்டுப்பட்டன, யானைகள் வெட்டுப்பட்டன. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், எண் 1.3 காட்டியது. ஆனால் எஞ்சியது என்னிடம் ஒரு வெள்ளைக் கட்ட பிஷப், அவரிடம் ஒரு கருப்புக் கட்ட பிஷப். என் சிப்பாய் போக வேண்டிய கட்டத்தை அவர் பிஷப் அடைத்துக்கொண்டது, வேறு நிறக் கட்டத்தில் ஓடும் என் பிஷப்பால் அதைத் தொட முடியாது. இருபது மூவ் ஆடினேன், எண் அதே 1.3இல் நின்றது. டிரா. அன்று ராத்திரி இரண்டாவது இடத்தில் இருந்த மூவ் 0.9தான் காட்டியது, ஆனால் அதில் ராணிகள் பலகையில் இருந்திருக்கும். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதிலிருந்து நான் பழகிக்கொண்டது: எண் எவ்வளவு என்பதைவிட, நகர்த்த நகர்த்த அது ஏறுகிறதா என்று பார்ப்பேன். இன்ஜின் காட்டும் மூவ் வரிசையில் பதினைந்து இருபது மூவ் போய்ப் பார்க்கவேண்டும். எண் அசையாமல் நின்றால் பெரும்பாலும் எதிராளி கோட்டை கட்டிவிட்டார், அதாவது நம் பலம் அதிகமானாலும் உள்ளே நுழைய முடியாதபடி அடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

கோட்டை என்றதும் நினைவுக்கு வருவது, 2017இல் பென்ரோஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட ஒரு நிலை. கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் அமைந்த நிறுவனம் அது. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாயும் மட்டும். கருப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப். அன்றைய இன்ஜின்கள் கருப்பு அமோகமாக ஜெயிக்கிறது என்றன. ஆனால் அந்த ராணியும் யானைகளும் சிப்பாய்ச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. மூன்று பிஷப்புமே கருப்புக் கட்டத்தில் ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டத்திலேயே உலாவினால் யாராலும் தொட முடியாது. யானைகள் வெட்டுவதற்கு வாகாக முன்னால் நிற்கும், வெட்டினால் சுவர் திறந்துவிடும், அவ்வளவுதான். ஒரு தடவை பலகையில் அடுக்கிப் பாருங்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இன்ஜினின் பார்வைக் குறை ஒன்றை முதலில் விளக்கியவர் ஒரு தபால் செஸ் உலகச் சாம்பியன் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்கர், ஐந்தாவது உலகச் சாம்பியன். 1965இல் தொடங்கி 1968 வரை நடந்த இறுதிச் சுற்றில் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 டிரா, தோல்வியே கிடையாது. அப்புறம் கணினி விஞ்ஞானி ஆனார். 1973இல் அவர் எழுதியது 'தொடுவான விளைவு' பற்றி. கணினி குறிப்பிட்ட தூரம்வரைதான் பார்க்கிறது. ராணி போவது உறுதி என்றாலும், நடுவில் ஒரு சிப்பாயைத் தூக்கிப் போட்டு அந்த இழப்பைத் தன் பார்வைக்கு அப்பால் தள்ளிவிட்டால், இழப்பே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. இன்றைய இன்ஜின்கள் அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத தூரம் பார்க்கின்றன. ஆனாலும் அவற்றுக்கும் ஒரு தொடுவானம் உண்டு.

அதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்ஜினை மூன்று அல்லது நான்கு வரிசைகள் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த வரிசையில் முன்னே போங்கள், ஒவ்வொரு மூவாகப் போட்டு, பத்துப் பதினைந்து மூவ் தள்ளி நிறுத்துங்கள். அங்கே இன்ஜினைச் சற்று நேரம் யோசிக்க விடுங்கள். பிறகு ஒவ்வொரு மூவாகப் பின்னால் வாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று. தூரத்தில் கண்டுபிடித்ததை இன்ஜின் நினைவில் வைத்திருக்கும், பின்னால் வர வர அதன் கருத்து மாறும். முதலில் பிளஸ் 0.6 என்று சொன்ன நிலைக்குத் திரும்பி வரும்போது அது 0.00 என்று சொல்வதை நீங்களே பார்ப்பீர்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு பலி மூவை இன்ஜின் பட்டியலிலேயே சேர்த்திருக்காது, ஆரம்பத்திலேயே கழித்துவிட்டிருக்கும். நீங்களாக அதைப் பலகையில் போட்டுக் காட்டினால், ஒரு நிமிடம் கழித்து எண் குபுக்கென்று ஏறும். அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தால் லீலா என்ற இன்ஜினையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நரம்பு வலைப்பின்னலில் தானாக ஆடிக் கற்றுக்கொண்டது, 2018இலிருந்து இருக்கிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால்தான் அதன் பலம் தெரியும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஸ்டாக்ஃபிஷும் லீலாவும் ஒத்துப்போகும் இடத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முரண்படும் இடத்தில் உட்காருங்கள். யோசிக்க நாள்கணக்கில் நேரம் தருகிறார்கள், அவசரம் என்ன?

பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் மட்டும் மிஞ்சினால் இன்ஜினே தேவையில்லை. அந்த நிலைகள் எல்லாவற்றுக்கும் முடிவைக் கணித்து வைத்துவிட்டார்கள். சிசிஜி அட்டவணை என்று பெயர், ஏழு காய்க்கான பகுதி 2018இல் முடிந்தது. ஐந்து காய் வரை உள்ளது 1 ஜிபிக்கும் குறைவு, வீட்டுக் கணினியிலேயே வைக்கலாம். ஏழு காய்க்கு இணையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது ஜெயிப்பு என்றால் ஜெயிப்பு, டிரா என்றால் டிரா.

இதெல்லாம் இன்ஜின் அனுமதி உள்ள ஆட்டத்துக்கு. ஆனால் உங்களுக்கு இன்ஜின் அதிகம் உதவப்போவது முடிந்துபோன ஆட்டங்களில்தான். அதற்கு என் ஒரே நிபந்தனை, ஒரு நோட்டுப் புத்தகம். ஆடும்போதே ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: எதைப் பயந்தேன், எதை ஒதுக்கினேன், ஏன். ஆட்டம் முடிந்ததும், இன்ஜினைத் திறப்பதற்கு முன், எங்கே தப்பு நடந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதையும் எழுதிவிடுங்கள். அப்புறம் திறங்கள். எழுதாமல் திறந்தால், இன்ஜின் காட்டும் மூவைப் பார்த்ததும் "ஆமாம், எனக்கும் இது தோன்றியது" என்று மனசு சொல்லிவிடும். எழுதி வைத்திருந்தால் அந்தப் பொய் செல்லாது. நான் மூன்று மாதம் எழுதியதில் தெரிந்தது, ராணிகள் வெட்டுப்படுவதற்கு நான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்பது. இன்ஜின் அதை எனக்குச் சொல்லவில்லை, அதற்கு என் பயம் தெரியாது. நோட்டும் இன்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோதுதான் தெரிந்தது.

உங்கள் நண்பரோடு நடந்த ஆட்டத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்ன பிறகு, ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். வெளியூரில் இருந்தால் வீடியோவில். 31ஆவது மூவுக்கு முந்தைய நிலையை இரண்டு பேரும் பலகையில் அடுக்குங்கள். இன்ஜினைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் அந்தக் குதிரைப் பலி ஏன் வேலை செய்கிறது என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடியுங்கள், அவர் எப்படித் தப்பித்திருக்கலாம் என்றும் தேடுங்கள். தேடி முடித்ததும் இன்ஜினைத் திறந்து ஒத்துப்பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காயை அவருக்குக் கொடுங்கள்.