மண் கைக்கு சானிடைசர் போதுமா?

கேள்வி: பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போடுகிறோம். மண்ணைத் தொட்டால் வயிற்றில் பூச்சி வரும் என்று சில பெற்றோர் அனுப்ப மறுக்கிறார்கள். வேலை முடிந்ததும் எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றுகிறோம். போதாதா, டாக்டர்?

பதில்: போதாது, டீச்சர். மண் அப்பிய கையில் சானிடைசர் சேறாகக் குழைவதோடு சரி. வயிற்றுப்பூச்சிகளில் ஒன்றான உருண்டைப்புழுவின் முட்டை ஓடு அதற்கெல்லாம் அசையாது. சோப்பும் முட்டையைக் கொல்லாதுதான். ஆனால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கையை விட்டுப் போய்விடும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான். 20 நொடி தேய்க்கட்டும். கழுவிய கையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை பளிச்சென்று இருக்கும், நகத்துக்கடியில் கறுப்புக் கோடு அப்படியே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் போவது அந்த விரல்தான். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே வாளிக்குள் கையை முக்குவதும் வேண்டாம்.

பெற்றோர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மண்புழுவைத் தொட்டால் வயிற்றுப்பூச்சி வராது (இரண்டுக்கும் 'புழு' என்று பெயர் வைத்தது நம் தப்பு). மனித மலம், நாய் பூனைக் கழிவு கலந்த மண்தான் ஆபத்து. இன்னொரு வயிற்றுப்பூச்சியான கொக்கிப்புழு உள்ளே போக வாய்கூட வேண்டாம். அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும். அதனால் மூடிய காலணி கட்டாயம். பாத்திக்குள் நாய், பூனை நுழையாதபடி வலை கட்டுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது குத்துக்காயத்துக்கு. டெட்டனஸ் துருவால் வருகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமியின் வித்து மண்ணிலேயே கிடக்கிறது. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்துவிடும். ஆணிதான் குத்த வேண்டும் என்றில்லை, முள்ளும் போதும். தோட்டம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். அழுக்கான காயம் பட்டு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று தேவைப்படும். சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அப்புறம் எரு. நன்றாக மக்கியது மட்டும் போடுங்கள். பச்சைச் சாணம் போட்ட பாத்தியில் மண்ணோடு ஒட்டி விளையும் கேரட், கீரையை 120 நாளுக்கு முன் பறிக்க வேண்டாம். பழைய கட்டடச் சுவரை ஒட்டியும் பாத்தி கட்டாதீர்கள். அங்கே உதிர்ந்த பெயின்டில் ஈயம் இருக்கலாம்.