பூட்டன் எந்த ஊர்? வந்த வழியைக் கேட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. தாத்தாவின் ஐயா இந்தியாவிலிருந்து வந்தவர். "திருச்சி சில்லா" (திருச்சி மாவட்டம்) என்று அப்பாயி சொல்வார். அதற்கு மேல் தெரியாது. கையில் இருப்பது தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் மட்டும். பூட்டன் எப்போது, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். பதிவேடுகள் இன்னும் சில காலம் இருக்கும், ஆகவே முதலில் அப்பாயியிடம் உட்காருங்கள். "எந்த வருசம் வந்தாங்க?" என்று கேட்டால் பதில் வராது. "எப்படி வந்தாங்க?" என்று கேளுங்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்ததாகக் கதை இருந்தால் அது பழைய காலம். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடித்தார்கள் என்றால் 1914க்குப் பிறகு. அந்த வழி அப்போதுதான் திறந்தது. தூத்துக்குடிக் கப்பல் பிறகும் ஓடியது, அதை மட்டும் வைத்து காலத்தை முடிவு செய்யாதீர்கள். தோட்ட வேலைக்குப் புதிதாக ஆள் அனுப்புவதை இந்தியா 1939 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. ஆகவே தலைமன்னார் வழியாகக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்) கூட்டிவந்த ஆள் என்றால், 1914க்கும் 1939க்கும் இடையில் தேடினால் போதும். கப்பலில் வரும்போது கைக்குழந்தையாக இருந்தது யார், காந்தி இலங்கைக்கு வந்தபோது (1927) குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது, முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டபோது (1940) தாத்தாவுக்கு என்ன வயசு என்று கேட்கக் கேட்க இடைவெளி சுருங்கும். பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். அவர் சொன்ன ஊர்ப் பெயரைத் திருத்தாமல், சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள்.

அடுத்தது அந்தச் சான்றிதழ். எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கியது என்று அதிலேயே இருக்கும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் (இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான பிரஜாவுரிமைச் சட்டம்) என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இங்கே வசித்ததை நிரூபித்தால்தான் அப்போது உரிமை கிடைத்தது. அதனால் விண்ணப்பக் கோவையில் குடும்பம் எந்தெந்தத் தோட்டத்தில் இருந்தது என்ற விவரம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்திய 1967 சட்டத்தின் கீழ் பெற்றதென்றால் கோவை வேறு. எதுவானாலும் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவுக்குச் சான்றிதழ் இலக்கம், திகதி, அதில் எழுதியபடியே பெயர், தோட்டம் ஆகியவற்றைக் கொடுத்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் கேட்கலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்குப் போகவேண்டும். இலக்கம் தெரியாதென்றால் ஆண்டைக் குறுக்கிச் சொல்லித்தான் பதிவேட்டைத் தேடச் சொல்ல முடியும். அப்பாயியின் கதை இங்கே கைகொடுக்கும். பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஒரே தோட்டத்தில் நாலைந்து ராமசாமி இருப்பார்கள். லெட்சுமி, லெச்சுமி, லெட்சிமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். வயது பல இடங்களில் மதிப்பீடுதான். ஆகவே பெயர் மட்டும் பொருந்தினால் ஏற்காதீர்கள். தகப்பன் பெயர், துணையின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) மூன்றும் சேரவேண்டும். 1958க்குப் பிறகு வேலை செய்தவர் என்றால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தாளில் தோட்டப் பெயரும் அங்கத்தவர் இலக்கமும் கிடைக்கும்.

ஊரைப் பிடிக்க "திருச்சி சில்லா" மட்டும் போதாது. இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் அப்போது அதில் அடக்கம். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். அது எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, யார் பங்காளி என்று கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊர், உறவுக்குள்ளேயே ஆள் கட்டினார்கள். அதனால் பெரியகங்காணி குடும்பத்தின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ட்ரங்குப் பெட்டியில் மணியோடர்த் துண்டோ, ஊர்க் கடிதமோ கிடந்தால் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தபாலாபீஸ் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 1964 ஒப்பந்தத்தில் இந்தியா போன சொந்தங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தால், இந்தியா போகும்போது அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் குடும்பத்தார் பெயரும் வயதும் ஒரே தாளில் இருக்கும்.