கடலுக்குள் போகப் போக அழுத்தம் எவ்வளவு கூடும்?

கடலில் ஆழத்துக்கேற்ற அழுத்தத்தைக் கணக்கிட எளிய வழி உண்டா?

நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. பத்து மீட்டருக்கு 1025 × 9.8 × 10 = 1,00,450 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது கடல் மட்டத்தில் காற்று அமுக்கும் அளவு, 1,01,325 பாஸ்கல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், மனக்கணக்காக மீட்டரில் உள்ள ஆழத்தைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்; விடை வளிமண்டல அழுத்தத்தில் கிடைக்கும். அப்புறம் ஒன்றைக் கூட்டுங்கள். கடலுக்கு மேலே இருக்கும் காற்றும் சேர்ந்துதானே அமுக்குகிறது! இந்த ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

30 மீட்டர் ஆழக் கிணற்றைவிடக் கடலில் அதே ஆழத்தில் அழுத்தம் பல மடங்கு இருக்குமா?

இருக்காது. நீர்ப்பரப்பின் அகலம் கணக்கிலேயே வராது. உப்பு கலந்திருப்பதால் நீரின் பங்கு இரண்டரை சதவீதம் கூடும், அவ்வளவுதான்.

‘மத்ஸ்யா 6000’ எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்?

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக, சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் கலம் இது. நம் மனக்கணக்குப்படி 601 வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 600 கிலோவுக்கு மேல் எடை! ஆட்கள் உட்காரும் அறையை டைட்டானியத்தில், அதுவும் கோள வடிவில் செய்வது இதனால்தான். கோளத்தில் சுமை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். மூலை இருந்தால் அங்கே குவியும். இன்னொன்று: ஆழத்தில் நீரே சற்று இறுகுவதால், உண்மை அழுத்தம் மனக்கணக்கைவிடச் சற்றுக் கூடுதல். வடிவமைப்பாளர்கள் அதை விட்டுவிட முடியாது.

நீச்சல்குளத்தில் மூன்று மீட்டர் போனாலே காது வலிக்கிறது. ஆழ்கடல் மீன் எப்படித் தாங்குகிறது?

அழுத்தத்தில் எளிதில் சுருங்குவது காற்று. நம் செவிப்பறைக்குப் பின்னால் காற்று இருக்கிறது. மிக ஆழத்தில் வாழும் நத்தை மீன்களுக்குக் காற்றுப்பையே கிடையாது. உடலில் இருப்பதெல்லாம் நீரும் திசுவும்தான். 2022இல் ஜப்பானுக்கு அருகே 8,336 மீட்டர் ஆழத்தில் அப்படியொரு மீன் படமாகியிருக்கிறது.

ஸ்கூபா கற்கப் போகிறேன். பத்து மீட்டர்தானே, ஆபத்து இருக்காதே?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 90 மீட்டரிலிருந்து 100க்குப் போனால் அழுத்தம் 10இலிருந்து 11 ஆகிறது, பத்து சதவீத உயர்வு. மேற்பரப்பிலிருந்து பத்து மீட்டருக்கோ 1இலிருந்து 2, நேர் இரு மடங்கு. நாம் கூட்டிய அந்த ஒன்று செய்யும் வேலை இது. பத்து மீட்டரில் சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரலுக்குள் அந்தக் காற்று இரண்டு பங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். இரண்டு மூன்று மீட்டரிலிருந்து வந்தாலும் இது நடக்கலாம். மேலே வரும்போது ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்.